ஜப்பானிய மொழியில் வருவதும் போவதும்

கேள்வி: மூன்று வருஷமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வரும் டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறனுக்கான என்-3 தேர்வு எழுதப் போகிறேன். வினைச்சொல்லோடு 'இக்கு' (போ), 'குரு' (வா) சேர்ந்து வரும் இடங்களில்தான் எப்போதும் தடுமாறுகிறேன். 'குரு என்றால் இதுவரை, இக்கு என்றால் இனிமேல்' என்று வகுப்பில் எழுதிக்கொண்டோம். ஆனால் ஒரு வாசிப்புப் பாடத்தில், 1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதைச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சி உள்ள வீடுகள் 'ஃபுயெத்தெ இத்த' என்று, 'இக்கு'வின் இறந்த காலத்தில் முடித்திருந்தார்கள். நடந்து முடிந்த கதைக்கு 'இனிமேல்' எப்படி வரும்? இன்னொன்று: ஜப்பானிய மேலாளர் மாடியிலிருந்து போனில் கூப்பிட்டார். 'இம கிமஸ்', அதாவது 'இதோ வருகிறேன்' என்றேன். 'யார் வருகிறார்கள்?' என்று திருப்பிக் கேட்டார். கடைசியாக, என் சுய அறிமுகத்தில் 'ஏழு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை செய்து வருகிறேன்' என்பதை 'ஷித்தெ கிமஸ்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். காரணம் கேட்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. இதையெல்லாம் ஒரு வழியாகப் புரிந்துகொள்ள முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பேசுகிறவர் எங்கே நிற்கிறார்? அவர் நிற்கும் இடத்தை நோக்கி வந்தால் 'குரு', அங்கிருந்து விலகிப் போனால் 'இக்கு'. இடத்துக்கும் இதேதான், காலத்துக்கும் இதேதான். 'இதுவரை, இனிமேல்' என்று நீங்கள் எழுதிக்கொண்டது தவறில்லை. ஆனால் பேசுகிறவர் 'இன்று' என்ற இடத்தில் நிற்கும்போது மட்டும் கிடைக்கிற பலன் அது. அதையே விதியாகப் பிடித்துக்கொண்டால், அவர் நேற்றோ எழுபது வருஷத்துக்கு முன்போ போய் நிற்கும்போது விதி கைவிட்டுவிடும்.

தொடங்குமுன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் ஜப்பானிய ஒலிகள் முழுசாக வராது. 'இக்கு' என்று எழுதினாலும் அழுத்தாமல், ஒற்றைக் ககரமாகச் சொல்ல வேண்டும். 'குரு'வைக் 'குருவி'யில் வருகிற மாதிரிச் சொல்லுங்கள். மற்றதை ஒலிப்பதிவு கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

தமிழர்களுக்கு இந்தப் பாடம் கஷ்டமாக இருக்கவே கூடாது என்பது இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற என் எண்ணம். ஜப்பானிய வினையின் 'தெ' வடிவம் நம் வினையெச்சம்தான். நடந்து, வாங்கி, பார்த்து என்று நாம் வினையை முடிக்காமல் நிறுத்தி அடுத்த வினையைக் கோக்கிறோமே, அதே வேலையைத்தான் 'தெ' செய்கிறது. அதற்குப் பின்னால் 'போ'வையும் 'வா'வையும் மாட்டுவதும் இரண்டு மொழிக்கும் பொது. 'மொத்தெ இக்கு' என்றால் கொண்டு போ, 'மொத்தெ குரு' என்றால் கொண்டு வா. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. (இதை வைத்துத் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று சொல்ல வரவில்லை. ஓனோ சுசுமு அப்படி ஒரு கொள்கையை முன்வைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் வினையோடு 'போ', 'வா' இதே மாதிரிதான் ஒட்டுகின்றன.)

ஜப்பானிய வீட்டில் காலையில் கிளம்புகிறவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே 'இத்தெ கிமஸ்' என்பார். 'இத்தெ' என்றால் போய், 'கிமஸ்' என்றால் வருகிறேன். போயிட்டு வரேன். உள்ளே இருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்பார். போயிட்டு வாங்க. 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் நம் வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள் இல்லையா, அந்த உணர்வோடு வருகிற ஒரு தமிழ்க் காதுக்கு இந்த வாசகம் முதல் நாளே சொந்தமாகிவிடும். அதே மாதிரி, விருந்தாளி எழுந்துகொள்ளப் பார்த்தால் 'யுக்குரி ஷித்தெ இத்தெ குடசாய்' என்பார்கள். நிதானமா இருந்துட்டுப் போங்க. 'தபெத்தெ இக்கு?' என்று கேட்டால், சாப்பிட்டுட்டுப் போறியா?

பிறகு ஏன் தடுமாறுகிறோம்? முதல் காரணம் இது. தமிழ் மூன்று விதமாகப் பிரித்துச் சொல்வதை ஜப்பானிய மொழி ஒரே 'தெ'யால் சொல்லிவிடுகிறது. 'நடந்து போனான்' என்கிறோம், 'வாங்கிட்டு வந்தான்' என்கிறோம், 'விலை ஏறிக்கொண்டே போகிறது' என்கிறோம். முதலாவது எப்படிப் போனான் என்பதைச் சொல்கிறது. இரண்டாவதில் ஒரு வேலையை முடித்த பிறகு வருகிறான். மூன்றாவதில் யாரும் எங்கும் போகவில்லை, மாற்றம்தான் போகிறது. நமக்கு 'து', 'ட்டு', 'கொண்டே' என்று மூன்று அடையாளம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'அருயித்தெ இக்கு', 'கத்தெ குரு', 'அகத்தெ இக்கு', எல்லாம் 'தெ'தான். எனவே ஒட்டைப் பார்த்துப் பயனில்லை, முன்னால் நிற்கும் வினையைப் பார்க்க வேண்டும். நட, ஓடு, பற என்று நகரும் விதத்தைச் சொல்லும் வினையா? வாங்கு, சாப்பிடு, பார் என்று ஓரிடத்தில் செய்து முடிக்கிற வினையா? கூடு, குறை, ஆகு, மாறு என்று நிலை மாறுவதைச் சொல்கிற வினையா? வாசிக்கும்போது இதைக் கேட்டுப் பழகுங்கள். மனதுக்குள் 'து', 'ட்டு', 'கொண்டே' மூன்றில் எது பொருந்துகிறது என்று போட்டுப் பார்ப்பதுகூட நல்ல பயிற்சி. என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் அதுதான்.

எழுத்திலும் ஒரு துப்பு உண்டு. உண்மையிலேயே கால் நகர்ந்து போகிற 'போ'வைக் கஞ்சி எனும் சீன வழி எழுத்தில் எழுதுவார்கள். மாற்றத்தைக் காட்டுகிற துணைவினை 'போ'வை ஹிரகனா எனும் ஒலி எழுத்தில் விட்டுவிடுவார்கள். அரசு ஆவணங்களில் இது வழக்கம். எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், தேர்வுத் தாளில் ஓரளவு நம்பலாம்.

இப்போது மாடிக்கு வருவோம். உங்கள் மேலாளர் உங்களைக் கேலி செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே குழப்பம்.

இதே தவறு என்னை ஒரு முறை நன்றாகச் சோதித்தது. மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் சென்னையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். காலையில் வேனோடு போய் அவரைக் கூட்டி வருவது என் பொறுப்பு. முந்தைய நாள் தொழிற்சாலையிலிருந்து போன் செய்து 'நாளை பத்து மணிக்கு வருகிறேன்' என்பதை 'அஷித்த ஜூஜி நி கிமஸ்' என்றேன். அவர் 'வக்கரிமஷித்த', புரிந்தது, என்றார். மறுநாள் பத்து மணிக்கு நான் விடுதி வரவேற்பறையில் நிற்கிறேன், அவர் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். வாடகைக் கார் பிடித்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து, வாசல் காவலரிடம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். தவறு முழுக்க என்னுடையது. நான் பேசியது தொழிற்சாலையிலிருந்து. அங்கிருந்து 'கிமஸ்' என்றால், தொழிற்சாலையை நோக்கி யாரோ வருகிறார்கள் என்று பொருள். எழுவாய் சொல்லாததால், வரவேண்டியது தான்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் சொல்லியிருக்க வேண்டியது 'இக்கிமஸ்', போகிறேன்.

நமக்கு இது ஏன் இவ்வளவு இயல்பாகத் தவறுகிறது என்பதற்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலில், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று விதி சொல்லியிருக்கிறார். அதாவது என்னை நோக்கி நகர்ந்தாலும் 'வா', உன்னை நோக்கி நகர்ந்தாலும் 'வா'. அதனால்தான் போனில் 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்' என்கிறோம். 'போறேன்' என்று சொன்னால் கேட்கிறவர் முகம் சுளிப்பார். ஜப்பானியப் பொது மொழியில் 'குரு'வுக்கு முன்னிலை கிடையாது. தன்மை மட்டும்தான். நான் இருக்கும் இடம், என் வீடு, என் அலுவலகம், என் பக்கத்து ஆட்கள், இவர்களை நோக்கி நகர்ந்தால் மட்டுமே 'குரு'. உன்னை நோக்கி நான் நகர்ந்தால் அது போவதுதான். ஆகவே மாடியிலிருந்து கூப்பிட்டால் 'இம இக்கிமஸ்'. பிறந்தநாள் விருந்துக்குக் கேக் கொண்டு வருவதாகப் போனில் சொல்வதென்றால் 'மொத்தெ இக்கிமஸ்', கொண்டு போகிறேன். தமிழில் நினைத்தால் திருடிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.

ஆனால் உணவகத்தில் பணியாளர் 'தண்ணீர் மொத்தெ கிமஸ்' என்பார். விதி மாறிவிட்டதா? இல்லை. அவர் இப்போது உங்கள் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார். போய், எடுத்து, இப்போது தான் நிற்கும் இதே இடத்துக்குத் திரும்புவார். பேசும் நேரத்தில் அவர் நிற்கும் இடம்தான் கணக்கு. (க்யூஷு தீவின் பேச்சுவழக்குகளில் மட்டும், கேட்கிறவரை நோக்கிப் போவதற்கும் 'குரு' சொல்வார்கள், நம்மைப் போலவே. ஃபுக்குஓக்காகாரர் ஒருவர் என்னிடம் அப்படிப் பேசியபோது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. தேர்வில் அதை எழுதிவிடாதீர்கள்.)

இந்த இடத்தில் நின்றுகொண்டு காலத்தைப் பாருங்கள். நீங்கள் ஒரு பாதையின் நடுவில் நிற்கிறீர்கள். கடந்துபோன நாட்கள் பின்னாலிருந்து உங்களை வந்து சேர்ந்திருக்கின்றன. வரப்போகும் நாட்கள் உங்கள் காலடியிலிருந்து விலகி நீள்கின்றன. இதுவரை நடந்து உங்களை வந்தடைந்த மாற்றம் 'தெ கித்த' ('கித்த' என்பது 'குரு'வின் இறந்த காலம்). இங்கிருந்து தொடங்கி மேலே போகும் மாற்றம் 'தெ இக்கு'. ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் சுமார் 12 கோடியே 80 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டது, அதன் பிறகு குறைகிறது. இன்று நின்று பேசுகிறவர் இதுவரையிலான குறைவை 'ஹெத்தெ கித்த' என்பார், குறைந்து வந்திருக்கிறது. இனி நடக்கப் போவதை 'ஹெத்தெ இக்கு' என்பார், குறைந்துகொண்டே போகும். உங்கள் வகுப்புக் குறிப்பு இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது அதே கதையில் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்போம். ஷின்கான்சென் அதிவேக ரயில் 1964 அக்டோபர் 1 அன்று தோக்கியோவுக்கும் ஷின்-ஓசாக்காவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1972இல் பாதை ஒக்கயாமா வரை நீண்டது, 1975இல் ஹக்காத்தா வரை. இதை எழுதுகிற வரலாற்றாசிரியர் முதலில் நம்மைக் கூட்டிக்கொண்டு போய் 1964இல் நிறுத்துகிறார். அங்கிருந்து பார்த்தால் 1972ம் 1975ம் முன்னால் இருக்கிற நாட்கள். பாதை நம்மிடமிருந்து விலகி மேற்கே நீள்கிறது. எனவே 'நொபித்தெ இத்த', நீண்டுகொண்டே போனது. எல்லாம் நடந்து முடிந்துவிட்டதால் கடைசி வினை இறந்த காலம், 'இத்த'. திசை மட்டும் முன்னோக்கித்தான். அதே நிகழ்ச்சியை ஹக்காத்தாவில் வளர்ந்த ஒரு பெரியவர் சொன்னால்? 'நம்ம ஊர் வரைக்கும் நொபித்தெ கித்த' என்பார். வருஷம் அதுதான், தண்டவாளமும் அதுதான். நிற்கும் இடம் வேறு.

உங்கள் தொலைக்காட்சி வாக்கியமும் இப்படித்தான். எழுதியவர் உங்களை 1953இல் நிறுத்திவிட்டு, அங்கிருந்து முன்னோக்கிக் காட்டுகிறார். 'ஃபுயெத்தெ இத்த', பெருகிக்கொண்டே போயின. அவர் இன்றைய தேதியில் நின்றுகொண்டு, இன்று வரை வந்து சேர்ந்த ஒரு பெருக்கத்தைச் சொல்லியிருந்தால் 'ஃபுயெத்தெ கித்த' என்றிருப்பார். தேர்வின் வாசிப்புப் பகுதியில் 'இத்த'வைக் கண்டால் உடனே மேலே தேடுங்கள். ஒரு வருஷமோ 'அதன் பிறகு' என்ற சொல்லோ ஒரு நிகழ்ச்சியோ எங்காவது ஆணியடித்த மாதிரி நிற்கும். கதை சொல்கிறவர் நிற்கிற இடம் அதுதான்.

வானிலைச் செய்தி கேளுங்கள், இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வசந்த காலத்தில் சகுரா மலர்வது தெற்கிலிருந்து வடக்கே நகரும். க்யூஷுவிலும் தோக்கியோவிலும் மார்ச் கடைசியில் பூக்கும் மரங்கள், ஹொக்கைதோவில் பூக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வடக்கே ஏறுவதை 'ஹொக்குஜோ' என்பார்கள். தோக்கியோ அறிவிப்பாளருக்குக் கோடு தெற்கில் இருக்கும்வரை 'ஹொக்குஜோ ஷித்தெ குரு', நம்மை நோக்கி ஏறி வருகிறது. தோக்கியோவைத் தாண்டிவிட்டால் 'ஹொக்குஜோ ஷித்தெ இக்கு'. ஒரே வினை, ஒரே திசை. நடுவில் அவர் நிற்கிறார், அவ்வளவுதான். புயல் நாட்களில் இதே ஜோடியை மணிக்கு ஒரு முறை கேட்கலாம்.

அடுத்து, புத்தகங்கள் தனி இலக்கணமாகப் பிரித்துக் காட்டி மிரட்டும் ஒரு பயன்பாடு. தமிழர்களுக்கு மிரளத் தேவையே இல்லாத பயன்பாடும் அதுதான். 'அமெ கா ஃபுத்தெ கித்த', மழை வந்துடுச்சு. 'ஒனாக்க கா சுயித்தெ கித்த', பசி வந்துடுச்சு. 'நெமுக்கு நத்தெ கித்த', தூக்கம் வருது. இல்லாத ஒன்று தோன்றி நம் புலனை எட்டுகிறது. தமிழில் பசி, தூக்கம், அழுகை, கோபம், ஞாபகம், காய்ச்சல் எல்லாமே 'வரும்'. ஜப்பானிய மொழியிலும் வருகின்றன. தோக்கியோவிலிருந்து ஓசாக்கா போகும் ஷின்கான்சென்னில் வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், முக்கால் மணி நேரத்துக்குள் ஃபுஜி மலை கட்டிடங்களுக்கு நடுவே தலை காட்டும். பெட்டியில் யாராவது 'மியெத்தெ கித்த!' என்பார்கள். மலை எங்கும் நகரவில்லை. அதன் காட்சி நம் கண்ணை வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து அது மறைவதற்கு 'கியெத்தெ இக்கு'. பிறப்பது, முளைப்பது, தெரிவது, கேட்பது, புரிவது எல்லாம் 'குரு' பக்கம். மறைவது, மங்குவது, கொஞ்சம் கொஞ்சமாக மறப்பது எல்லாம் 'இக்கு' பக்கம்.

இதில் காலத்தைக் கவனியுங்கள். நாம் 'தூக்கம் வருது' என்று நிகழ்காலத்தில் சொல்கிற இடத்தில் அவர்கள் 'கித்த' என்று இறந்த காலத்தில் சொல்கிறார்கள். வந்து சேர்ந்தாயிற்று, அதனால் உணர்கிறேன் என்பது கணக்கு. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இது தேவைப்படும், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

'வா'வில் நமக்கு இவ்வளவு சாதகம். 'போ'வில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் வினையெச்சத்தோடு 'போ' சேர்ந்தால் பெரும்பாலும் கெட்டது நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். பால் கெட்டுப் போச்சு, கண்ணாடி உடைஞ்சு போச்சு, சாவி தொலைஞ்சு போச்சு, மறந்து போச்சு. இந்தப் 'போ'வை அப்படியே 'இக்கு' என்று மொழிபெயர்த்தால் பிழை. இதற்கு ஜப்பானிய மொழியில் வேறு துணைவினை, 'ஷிமவ்'. கண்ணாடி உடைஞ்சு போச்சு என்பது 'கொவரெத்தெ ஷிமத்த'. மறந்து போச்சு என்பது 'வசுரெத்தெ ஷிமத்த'. 'வசுரெத்தெ இக்கு' என்றால், வயதானவர் ஒருவர் பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மறந்துகொண்டே போவது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். என்-3 அளவில் தமிழ் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் நான் மிக அதிகமாகத் திருத்துவது இதைத்தான். 'போச்சு' என்று மனதில் வந்தால் 'ஷிமத்த', 'கொண்டே போகுது' என்று வந்தால் 'இக்கு' என்று ஒரு வாரம் விடாமல் பார்த்து வாருங்கள், கை தானாகப் பழகும்.

'கவத்தெ இரு' (மாறியிருக்கிறது), 'கவத்தெ கித்த' (மாறி வந்திருக்கிறது) என்பதிலும் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பலரும் அங்கேயும் வழுக்குவார்கள். மாற்றம், பயணம், சாவு மாதிரியான வினைகளோடு 'இரு' வந்தால் அது நம் 'இரு'வேதான். (ஒலியும் ஒன்றாக இருப்பது தற்செயல்.) 'தோக்கியோ நி இத்தெ இரு' என்றால் தோக்கியோ போயிருக்கிறார், அங்கே இருக்கிறார். போய்க்கொண்டிருக்கிறார் என்று எடுத்தால் தவறு. 'ஃபுதொத்தெ இரு' என்றால் குண்டாக இருக்கிறார், அது ஒரு நிலை. 'ஃபுதொத்தெ கித்த' என்றால் முன்பு அப்படி இல்லை, இப்போது உடம்பு போட்டிருக்கிறது. நிலையைக் காட்டும் புகைப்படம் 'இரு', வந்த வழியையும் சேர்த்துச் சொல்வது 'கித்த'.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அலுவலகத்தில் தினமும் தேவைப்படும். 'அம்மா போன் பண்ணினாங்க' என்று நாம் சொன்னால் போதும். ஜப்பானிய மொழியில் உங்களுக்கு வந்த அழைப்பை 'டென்வ ஷித்த' என்று மட்டும் சொன்னால், யாரோ யாருக்கோ செய்த மாதிரி அந்நியமாகக் கேட்கும். 'டென்வ ஷித்தெ கித்த', என்னை நோக்கி வந்தது என்று திசை காட்ட வேண்டும். அனுப்புவது, சொல்வது, கேட்பது, பேச்சுக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஆனால் நன்றியோடு சொல்வதென்றால் 'குரெத்த' வேண்டும். தொல்காப்பியர் 'வா'வோடு 'தா'வைச் சேர்த்துச் சொன்னார் இல்லையா, அந்தத் 'தா'வின் இடம்தான் இது. அம்மா அன்பாகக் கூப்பிட்டால் 'டென்வ ஷித்தெ குரெத்த'. விற்பனைக்காரர் தொந்தரவாகக் கூப்பிட்டால் 'டென்வ ஷித்தெ கித்த'. வாடிக்கையாளரைப் பற்றி மேலாளரிடம் சொல்லும்போது இந்தக் 'கித்த' கொஞ்சம் முரட்டுத்தனமாக விழும். 'ஒக்யக்குசம கர ரென்ரக்கு கா அரிமஷித்த', வாடிக்கையாளரிடமிருந்து தகவல் வந்தது, என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு.

சரி, உங்கள் சுய அறிமுகம். தமிழில் 'செய்து வருகிறேன்' என்பது அழகான, மிகச் சரியான வாக்கியம். ஏழு வருஷம் முன்பு தொடங்கி இன்று வரை வந்து, இன்னும் தொடர்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஷித்தெ கிமஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானியக் காதில் அது 'செய்துட்டு வரேன்' என்று விழுகிறது. இதோ போய்த் தரக்கட்டுப்பாட்டை முடித்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் உட்காருங்கள் என்கிற மாதிரி. 'கிமஸ்' நிகழ்காலமாகத் தெரிந்தாலும், செய்கிற வினையோடு சேரும்போது இனி போய்ச் செய்துவிட்டுத் திரும்புவதைத்தான் முதலில் நினைவூட்டும். அதனால்தான் ஆசிரியர் அடித்திருப்பார். நீங்கள் சொல்ல நினைத்த ஏழு வருஷம் உங்களை வந்து சேர்ந்தாயிற்று. தூக்கம் 'கித்த' ஆன மாதிரி இதுவும் 'கிமஷித்த', அதாவது 'கிமஸ்' என்பதன் இறந்த காலம். நீங்கள் வேலையை விட்டுவிட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

'ஷித்தெ இமஸ்' என்று எழுதினாலும் இலக்கணம் சரிதான். இன்ன வேலையில் இருக்கிறேன் என்ற தகவல் போய்ச் சேரும். நான் 'கிமஷித்த'வையே எழுதச் சொல்வேன். ஏழு வருஷ உழைப்பு நடந்து வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்பது அதில்தான் கேட்கும். அதைச் சொன்ன பிறகு, எதிரே இருப்பவர் மனதில் 'சரி, இனிமேல்?' என்று ஒரு கேள்வி எழும். அதற்கும் உங்களிடம் வினை இருக்கிறது. தொடர்வதற்கு 'ட்சுசுக்கெரு'. அதோடு 'இக்கு'வைச் சேர்த்து, விருப்பத்தையும் போட்டால் முடிந்தது.

இரண்டு வாக்கியத்தையும் எழுதித் தருகிறேன், சத்தமாக ஒரு பத்து முறை சொல்லிப் பாருங்கள்:

'நன நென்கான், ஹின்ஷித்சு கன்ரி நொ ஷிகொதொ ஓ ஷித்தெ கிமஷித்த. கொரெக்கர மொ ட்சுசுக்கெத்தெ இக்கித்தாய் தொ ஒமொயிமஸ்.'

ஏழு வருஷமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை செய்து வந்திருக்கிறேன். இனியும் தொடர்ந்துகொண்டே போக விரும்புகிறேன்.